கிணறு இலக்கம் 61

இருநூற்றுப் பதினான்கு கிணறுகள்
இறைத்துத் துப்பரவாக்கப்பட்டன என்கிறது கோப்பு.
ஒன்றுக்கு முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
மட்டையில் யாரோ தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம்.
அதையும் சேர்த்து எண்ணினேன்:
இருநூற்றுப் பதினைந்து.

தகவல் கேட்ட விண்ணப்பத்துக்குப் பதினாலு வேலை நாள்.
பேந்து இன்னொரு இருபத்தொரு நாள்.
பதில் சிங்களத்தில் வந்தது.
கச்சேரிக்கு முன்னால் மேசை போட்டிருக்கும் மொழிபெயர்ப்பாளர்
கண்ணாடியைக் கழற்றினார்:
“கறையான் அரிச்சுப் போச்சுதாம், பிள்ளை.
அப்ப உம்மடை கையிலை இருக்கிறது என்ன?”
அந்தப் பக்கத்துக்கு அவர் காசு வாங்கவில்லை.

பாதாளக் கரண்டி ஒன்றை இரவல் வாங்கி
சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன்.
துப்பரவான கிணறுகளுக்குள் இறக்கினேன்.
ஒன்பதில் வந்தது ஒரு றிம்.
பதினாலில் பூவரசம் வேர், சீமெந்துப் பை, செல் கோது.
இருபத்திரண்டில்
பள்ளிக்கூடச் சப்பாத்து ஒன்று, லேஸ் கட்டியபடி.
அந்தக் கிணற்றில்
மறுபடி கரண்டி இறக்கவில்லை.
அது எழுத வேண்டிய இன்னொரு செய்தி.
எழுதுவேனா தெரியாது.

முப்பது தொடக்கம் முப்பத்தேழு வரை
எட்டும் ஒரே கிணறு.
எட்டுப் பங்காளிகள்.
ஒரு முறைத் தண்ணிக்காக மல்லாகம் கோட்டில்
பதினொரு வருஷம் வழக்காடிய சனம்
கோப்பில் மட்டும்
ஆளுக்கொரு கிணற்றோடு ஒற்றுமையாய் இருந்தது.

அறுபத்தொன்று முட்கம்பிக்கு அங்காலை.
சென்றியில் நின்ற பெடியனிடம்
ஆராவது கிணறு இறைக்க வந்தவையோ என்று கேட்டேன்.
“கிணறா?”
திரும்பிப் பற்றைக்குள் பார்த்தான்,
தன் முதுகுக்குப் பின்னால் இத்தனை நாளும்
ஒரு பள்ளம் இருந்ததா என்று பயந்தவன்போல.

பயனாளி: வல்லிபுரம் அன்னலிங்கம்.
தொண்ணூற்றாறு ஆவணியில்
ஸ்கந்தபுரத்துக் கொட்டிலொன்றில் மலேரியாக் காய்ச்சலில் செத்தவர்.
பதினேழு வருஷம் கழித்து
நீலப் பேனையால் ஒப்பமிட்டிருக்கிறார்.
மகளுக்குக் காட்டினேன்.
கனநேரம் பார்த்தா.
“வடிவான கையெழுத்து.
அப்பா பெருவிரல்தான் வைக்கிறவர்.”

ஆசிரியர் வாசித்தார்.
“நல்லாயிருக்கு, வைப்பம்” என்றார்.
வைத்தார்.
மூன்று கிழமை லாச்சிக்குள் கிடந்தது.
முன்பக்கத்தில் கால் பக்கக் கலரில்
அதே ஒப்பந்தகாரரின் பொங்கல் வாழ்த்து.

எங்கள் சனம் பேப்பரைப்
பின்னாலிருந்து வாசிக்கிற சனம்.
ஆர் செத்தது, எப்ப எடுக்கிறது,
கனடாவிலிருந்து மகன் வருவானோ.
அந்தப் பக்கத்தில் ஆசிரியர் கைவைப்பதில்லை;
எங்கள் சம்பளம் அங்கேதான் விளைகிறது.

விளம்பரப் பகுதி றெஜினோல்ட்டிடம் துண்டை நீட்டினேன்.
பாதிக் காசு மகளுடையது.

*அமரர் வல்லிபுரம் அன்னலிங்கம்.
1996 ஆவணியில் இறைபதம் எய்திய அன்னார்
2013 பங்குனி 12ஆம் திகதி
கிணறு இறைத்த வகையில் ரூபா 38,500 பெற்று
ஒப்பமிட்டுள்ளார்.
இவ்வறிவித்தலை உற்றார், உறவினர்,
பிரதேச செயலகத்தார்
ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.*

பேனை நுனியால் சொல் எண்ணினார் றெஜினோல்ட்.
இடையில் ஒருக்கால் நின்றார்.
பிறகும் எண்ணினார்.
“படம் போடுறதோ?”
“படம் இல்லை. அந்தக் கையெழுத்தைப் போடுங்கோ.”

விடிய ஆறரைக்கு ஆசிரியரின் போன்.
ஏழுக்கு, பெயர் சொல்லாத ஒருவர்
என் வீட்டு ஒழுங்கையின் பெயரைச் சொன்னார்.
நான் சைக்கிளை எடுத்தேன்.

கந்தோர்ப் படியில் நாலு பேர் நின்றார்கள்.
முன்னால் நின்றவர் சொப்பிங் பைக்குள்ளிருந்து
மரணச் சான்றிதழை எடுத்தார்.
“எங்கடை அம்மாவுக்கும் கிணறு இறைச்சவையாம்.”

றெஜினோல்ட் கதிரையை இழுத்துப் போட்டார்.
“பெயர்?
செத்த திகதி?
கையெழுத்து வைச்ச திகதி?”